கனடாவுக்குக் கதவிருக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அடிக்கிற குளிர் முழுவதற்கும் ஏக விநியோகத்தராக ஒருவர் இருக்கிறார் என்றால் அது எங்கள் மைனஸ் அண்ணைதான். அவருடைய அனுமதி இல்லாமல் மருதனார்மடம் சந்தியில் யாரும் கூதலடிக்குது என்று சொல்லிவிட முடியாது. சொன்னால் அன்றைக்குக் காலை முழுவதும் போய்விடும்.

எங்கள் ஊர்க் குளிர் மரியாதை தெரிந்த குளிர். மார்கழியில் வாடைக்காற்று கொஞ்சம் எட்டிப்பார்க்கும். வெங்காயத் தாள்களின் நுனியில் பனித்துளி நிற்கும். கருவி வைத்துப் பார்த்தால் இருபத்திரண்டு பாகை காட்டும். கொடூரமான நாள் என்றால் இருபத்தொன்று. அதற்கே எங்கள் சனம் காதைச் சுற்றித் துவாய் கட்டி, அதற்கு மேல் கம்பளித் தொப்பி போட்டு, அதற்கும் மேல் தலைக்கவசம் வைத்துக்கொண்டு சைக்கிளில் போகும். சைக்கிளுக்குத் தலைக்கவசம் தேவையில்லை. காதுக்குத் தேவை.

சின்னராசாண்ணையின் தேத்தண்ணிக் கடை வாசலில் நாங்கள் இப்படி மூட்டைகளாக நிற்கும்போது மைனஸ் அண்ணை வருவார். அரைக்கைச் சேட்டு. மேல் பொத்தான்கள் இரண்டும் திறந்திருக்கும்.

"உது கூதலோ?" என்று ஆரம்பிப்பார். "மைனஸிலை சீவிச்சவனுக்கு உது வெயில்."

சொல்லும்போதே அவருடைய பற்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் எங்களுக்குக் கேட்கும்.

"அப்ப பல்லு ஏனண்ணை ஆடுது?"

"உது அங்கத்தைப் பழக்கம். பல்லுக்கு நெடுகப் பயிற்சி குடுக்கவேணும். இல்லாட்டி உறைஞ்சு போம்."

எதற்கெடுத்தாலும் 'மைனஸிலை சீவிச்சவன்' என்று தொடங்குவதால் அந்தப் பெயர் வந்தது. சொந்தப் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கக்கூடும். நாங்கள் தேடவில்லை. பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் அவர் மைனஸ் அண்ணை. கனடாவில் பன்னெடுங்காலம் இருந்துவிட்டு, குளிர் அலுத்துப்போய் ஊருக்குத் திரும்பியவர் என்பது சந்திக்குத் தெரிந்த வரலாறு. அதை எழுதியவரும் அவர்தான்.

அளவுகளுக்கு எங்கள் ஊரில் ஏற்கெனவே பஞ்சமில்லை. காணியைப் பரப்பில் வாங்குகிறோம். பாணை றாத்தலில், பாலைப் போத்தலில், பெற்றோலை லீற்றரில், பூமாலையை முழத்தில், மாப்பிள்ளையை அடி அங்குலத்தில். ஒரே வீட்டுக்குள் இத்தனை அரசாங்கங்கள் சண்டையில்லாமல் நடப்பதைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை. யோசித்தவர் மைனஸ் அண்ணை ஒருவர்தான். யோசித்து, இருப்பவை போதாதென்று இன்னும் இரண்டைக் கொண்டுவந்து சேர்த்தார்.

"சின்னராசா, ஒரு தேத்தண்ணி. நூற்றறுபது."

முதல்நாள் இதைக் கேட்ட சின்னராசாண்ணை அடுப்படியிலிருந்து ஓடிவந்துவிட்டார். "நூற்றறுபது தேத்தண்ணியோ? ஆருக்கண்ணை, கோயில் அன்னதானத்துக்கோ?"

"விசரா, நூற்றறுபது டிகிரி. உது அமெரிக்கன் அளவு."

"கனடாவிலை இருந்திட்டு என்னத்துக்கு அமெரிக்கன் அளவிலை குடிக்கிறியள்?"

"தேத்தண்ணிக்கு அதுதான் பொருத்தம்."

யாராவது வெளியூர்க்காரர் பண்டத்தரிப்புக்கு எவ்வளவு தூரம் என்று வழி கேட்டால், சந்தியில் நிற்கிற அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு முன்னுக்கு வருவார். "ஐஞ்சு மைல், தம்பி. கிலோமீற்றர் எண்டால் எட்டு. வாடைக்காலத்திலை கொஞ்சம் குறையும்."

"ஏன் ஐயா குறையும்?"

"கூதலுக்கு றோட்டுச் சுருங்கும்."

அவர் சொன்ன மாற்றுக் கணக்குகளை எல்லாம் நான் வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்ப்பேன். படித்த பழக்கம். பெரும்பாலும் ஒன்றும் சரிவராது. ஒன்று மட்டும் சரிவந்தது. "மைனஸ் நாற்பதிலை அமெரிக்கனும் கனடாக்காரனும் ஒரே எண்ணைத்தான் சொல்லுவான். அதுக்கு மேலை வந்தால்தான் ரெண்டு பேருக்கும் பிரச்சினை" என்பார். சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். அச்சொட்டாக நின்றது. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

கனடாவைப் பற்றி அவர் சொல்லும் கதைகளில் தெரு இருக்காது. பஸ் இருக்காது. வெள்ளைக்காரர்கூட அபூர்வம். குளிர் மட்டும் தாராளமாக இருக்கும்.

"கனடாக் கதவு இந்த மொத்தம்" என்று தடிப்பை முழங்கையிலிருந்து விரல் நுனிவரை காட்டுவார்.

"கனடாவுக்குக் கதவிருக்கோ அண்ணை?"

"கனடாவுக்குக் கதவிருக்கு. கதவில்லாட்டிக் கூதல் முழுக்க வெளியிலை போயிடாதோ? படிச்ச பெடியன் கேக்கிற கேள்வியோ உது?"

நான் வேறு பக்கத்தால் கேட்டுப் பார்ப்பேன்.

"ஸ்நோ மேலையிருந்துதானே விழும்?"

"ஆர் சொன்னது? சுவரிலை வளரும். சுரண்டிச் சுரண்டி எடுக்கவேணும்."

"நெடுகக் கூதலுக்கை நிக்கலாமோ?"

"அரை மணித்தியாலம். பேந்து சுப்பவைசர் வெளியிலை கூப்பிடுவார்."

"கனடாவிலை எல்லாருக்கும் சுப்பவைசரோ?"

"ஒழுங்கான நாடு, தம்பி."

அழுகையைப் பற்றியும் சொல்வார். அங்கே கண்ணீர் கன்னத்தில் பாதிவழி வந்து நின்றுவிடுமாம். நகத்தால் கிளப்பி எடுக்கவேண்டுமாம். "அதாலை அங்கை ஒருதரும் அழுறேல்லை. சோலி கூட."

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாக்காரர் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் நாட்களில் மட்டும் மைனஸ் அண்ணை சந்தியில் இருக்கமாட்டார். "சனம் கூடினால் சூடு கூடும், எனக்கு ஒத்துவராது" என்று பண்டத்தரிப்பில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். சூடு ஒத்துவராத மனிதர் என்று நாங்களும் அனுதாபப்பட்டு அனுப்பிவைப்போம்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகக் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மருதனார்மடம் சந்தையில் வெங்காயமும் கத்தரிக்காயும் விற்கிறவர். அம்மா நான்காம் வகுப்போடு நின்றவர். ஆகவே மருந்துத் துண்டு முதல் மின்சாரப் பட்டியல் வரை, வீட்டில் விளங்காத எல்லாம் என்னிடம் வரும். நான் வாசித்து விளக்குவேன். கவனமாகக் கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சந்திக்குப் போய், நான் சொன்னது சரிதானா என்று வேறு யாரிடமாவது விசாரிப்பார்கள்.

அக்காவைக் கோப்பாய்ப் பெடியன் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தானுக்கு அமெரிக்காவில் வேலை. மினசோட்டா என்ற மாநிலம். அம்மா அந்தப் பெயரை அயலில் யாருக்கும் சொல்லமாட்டார். "வாய் தடுமாறி மகள் மினிச்சட்டைக்குப் போறாள் எண்டு வந்திட்டால் சனம் என்ன நினைக்கும்?" கலியாணம் முடிந்து அத்தான் திரும்பிப் போய், விசாவுக்கு அக்கா காத்திருந்து, ஒருவழியாக அதுவும் வந்தது. தையில் பயணம். அக்கா நிலத்தில் கால்படாமல் திரிந்தாள்.

அப்போதுதான் அந்த வீடியோ அழைப்பு வந்தது. அத்தான் கையில்லாத பெனியனோடு நின்று சிரித்தார்.

"தம்பி, அங்கை கடுங் கூதலாமே?" என்று அம்மா கேட்டார்.

"வெளியிலைதான் மாமி. வீட்டுக்குள்ளை ஒண்டும் தெரியாது. எழுபத்திரண்டிலை வைச்சிருக்கிறன், நல்ல சுகமாய் இருக்கு."

அம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அத்தான் போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினார்.

"போன வைகாசியிலை றேடியோவிலை எத்தினை எண்டு சொன்னவங்கள்?"

"முப்பத்தாறு."

"அண்டைக்குத்தானே பக்கத்து வீட்டு ஆடு விழுந்து படுத்தது?"

"ஓம்."

"அதின்ரை ரெட்டிப்பிலை உவர் பெனியனோடை நிண்டு சிரிக்கிறார்."

அப்பா தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, முட்டை எத்தினையிலை அவியும்?"

நான் பொய் சொல்லிப் பழகாதவன். "எழுபதளவிலை இறுகத் தொடங்கும் அப்பா."

"அப்ப என்ரை பிள்ளை ஒரு முட்டையிலும் கேவலமோ?" என்று அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் கடதாசி எடுத்து, பரனைற்று என்பது வேறு, செல்சியஸ் என்பது வேறு, முப்பத்திரண்டைக் கழித்து ஐந்தால் பெருக்கி ஒன்பதால் பிரிக்கவேண்டும் என்று படிப்படியாக எழுதிக் காட்டினேன். அப்பா பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சூடு ஒண்டுதானே? நெருப்பு எல்லா ஊரிலையும் ஒரேமாதிரித்தானே சுடும்? பேந்தேன் ரெண்டு கணக்கு?"

அம்மாவுக்கு என்மேல் வேறு சந்தேகம். "உவனுக்கு அத்தான் போன் வாங்கி அனுப்பினவர். உவன் அவரின்ரை பக்கம்தான் கதைப்பான். அவளை நான் அனுப்பமாட்டன். ரிக்கற்றைத் திருப்பிக் குடுங்கோ."

அம்மா சத்தம் போட்டுச் சொன்னால் பிரச்சினையில்லை; பின்னேரம் மறந்துவிடுவார். இதை மெதுவாகச் சொன்னார். அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பயணத்துக்கு வாங்கிவைத்த பெட்டியை அம்மா தூக்கிக் கொண்டுபோய் நெல்மூட்டைக்குப் பின்னால் வைத்தார்.

இரண்டாம் நாள் கண்கள் வீங்கிய அக்கா என்னைக் கூப்பிட்டாள். "தம்பி, நீ சொன்னால் அம்மா நம்பமாட்டா. மைனஸ் அண்ணையைக் கூட்டிக்கொண்டு வா. வெளிநாட்டிலை இருந்த ஆள் சொன்னால் நம்புவா."

சந்திக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது, மைனஸ் அண்ணை வாயருகே கொண்டுபோன தேநீரைக் கீழே வைத்தார்.

"அமெரிக்கக் கூதல் வேறை, கனடாக் கூதல் வேறை, தம்பி. எனக்கு அந்த டிப்பாட்மென்ற் தெரியாது."

"அண்ணை, அக்கா ரெண்டு நாளாய்ச் சாப்பிடேல்லை."

அவர் சேட்டின் பொத்தான்கள் இரண்டையும் பூட்டினார். நான் பார்க்க அவர் அதைச் செய்தது அதுதான் முதல் தடவை. "நட" என்றார்.

வீட்டுக்கு வந்தவர் கதிரையில் உட்கார்ந்ததும் அம்மாவிடம் கேட்டது தண்ணீர் அல்ல. "தங்கச்சி, காய்ச்சல் பாக்கிற தேமாமீற்றர் வீட்டிலை இருக்கோ?"

அலுமாரிக்குள்ளிருந்து பழைய கண்ணாடிக் கருவி வந்தது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் வாங்கியது.

"உதிலை எத்தினை காட்டினால் காய்ச்சல்?"

"நூறு."

"உங்கடை மகனுக்கு நூறு வந்திருக்கோ?"

"நூற்றிரண்டும் வந்திருக்கு. ஆசுப்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினனாங்கள்."

"நூறிலை தண்ணி கொதிக்கும் எண்டு பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறாங்கள். அப்ப உவன் அண்டைக்குக் கொதிச்சு ஆவியாய்ப் போகேல்லையோ?"

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார், எங்காவது ஆவியாகியிருக்கிறேனா என்று.

"அது அமெரிக்கன் அளவு, தங்கச்சி. இவ்வளவு காலமும் உங்கடை அலுமாரிக்குள்ளை அமெரிக்கா கிடந்திருக்கு. மாப்பிள்ளை சொன்னதும் அந்த அளவுதான்."

நான் கடதாசியில் எழுதிக் காட்டியதும் இதைத்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா கதவிடுக்கிலிருந்து பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அம்மாவின் முகம் தெளிந்தது. எழுந்து தேநீர் போடப் போனார். பாதிவழியில் நின்றார்.

"அப்ப சுகமான ஆளுக்குத் தொண்ணூற்றெட்டு."

"ஓம்."

"எழுபத்திரண்டு எண்டால்... செத்த ஆளின்ரை சூடல்லோ?"

மைனஸ் அண்ணை இதை எதிர்பார்க்கவில்லை. "அது... உடம்பு இல்லை தங்கச்சி, வீடு. வீட்டின்ரை சூடு."

"வீடே செத்துப்போய்க் கிடக்கு. வெளியிலை எத்தினையாம்? தம்பி, அத்தானைக் கேள்."

கேட்டேன். பத்து என்று பதில் வந்தது. அம்மா கருவியை வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழாக விரலால் தேடினார். அடியில் இருந்த எண் தொண்ணூற்றிநாலு. அதற்குக் கீழே வெறும் கண்ணாடி.

"உதிலை பத்துக்குக் கோடே இல்லை, அண்ணை. கோடில்லாத இடத்துக்கு என்ரை பிள்ளையை அனுப்புறதோ?"

எரிந்துபோவாள் என்று போகாமல் இருந்த அக்கா, இப்போது உறைந்துபோவாள் என்று போகாமல் இருக்கவேண்டிய நிலைமை. உள்ளே அறைக்கதவு மறுபடியும் சாத்தப்பட்டது. இந்தமுறை கொஞ்சம் பலமாக.

அம்மா நேரே மைனஸ் அண்ணையின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "நீங்கள் உதிலும் கீழை இருந்தனியள்தானே? என்னத்தைப் போட்டுக்கொண்டு உயிர் தப்பினியள்?"

"ஒரு ஜக்கெற் இருந்தது."

"இப்ப இருக்கோ?"

அவர் பூட்டிய பொத்தானைத் தடவிப் பார்த்தார். "இருக்கு" என்றார் கடைசியில்.

"அதைக் கொண்டு வாங்கோ. கண்ணாலை கண்டால்தான் நான் அவளை விடுவன்."

அதற்குப் பிறகு மைனஸ் அண்ணையைச் சந்தியில் காணவில்லை. திருவிழாக் காலமும் இல்லை. சின்னராசாண்ணை என்னிடம், "உங்கடை வீட்டிலை அந்தாளுக்கு என்னடாப்பா குடுத்தனியள்?" என்று விசாரித்தார். பயணநாள் கிட்ட வந்துகொண்டிருந்தது. அக்கா அத்தானிடம் தொலைபேசியில் எதுவும் சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல், "இஞ்சை நல்ல வெயில்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம், வெயில் சுட்டெரிக்கும் நேரத்தில், எங்கள் ஒழுங்கையில் நீல நிறத்தில் ஒரு பெரிய மூட்டை சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்தது. கிட்ட வந்ததும் மூட்டைக்குள் மைனஸ் அண்ணையின் முகம் தெரிந்தது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து கைபிடியில் சொட்டியது. முழங்கால் வரை வரும் தடித்த ஜக்கெற். முதுகில் பெரிய சிவப்புத் துணி இலை ஒன்று. கனடாக் கொடியில் இருப்பது போன்றது. ஒரு பக்கம் சரிந்து, கைத்தையலில் கோணல்மாணலாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"போட்டுக்கொண்டே வந்தனியளோ?" என்றார் அம்மா.

"பழக்கம், தங்கச்சி."

அம்மா அந்த ஜக்கெற்றின் கைக்குள் தன் கையை விட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றார். பிறகு எடுத்து, கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "அடுப்பங்கரையிலை வைச்ச மாதிரிக் கிடக்கு." கோடில்லாத இடத்துக்குப் போவதற்கு அம்மா கொடுத்த விசா அதுதான். பிறகு முகர்ந்தார். "என்ன, மீன் மணக்குது?"

"கனடாவிலை அப்பிடித்தான்" என்றார் மைனஸ் அண்ணை.

அம்மா அதை மூன்று தரம் தோய்த்து, சாம்பிராணிப் புகையும் காட்டி எடுத்தார். அக்காவுக்குப் போட்டுப் பார்த்தபோது கை நீளமாக இருந்தது. யாழ்ப்பாணம் ஐந்து சந்திப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த தையற்காரர் ஒருவர் இருந்தார். நானா என்று கூப்பிடுவோம். சிறுவயதில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரோடும் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, பிறகு தகப்பன் கடை இருந்த அதே தெருவுக்குத் திரும்பி வந்து மெஷின் போட்டவர். நான் ஜக்கெற்றோடு புறப்பட, மைனஸ் அண்ணையும் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

"நீங்களேனண்ணை மினக்கெடுறியள்?"

"அவர் இலையைத் தொட்டால்?"

கடையில் போய் இறங்கியதும் அதைத்தான் முதலில் சொன்னார். "கையை மட்டும் கட்டையாக்குங்கோ. முதுகைத் தொடவேண்டாம்."

நானாவுக்குக் கோணலாகத் தைத்த எதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "என்ன அண்ணன், இந்த இலை விழப்போற மாதிரிக் கெடக்கு. ஒரு நிமிசம், நேராத் தச்சித் தாறன்." நாங்கள் வாயைத் திறக்கமுதலே கத்தரிக்கோல் நுனி இலைக்கடியில் போய்விட்டது. தையல்கள் பட்பட்டென்று அறுந்தன. இலை கழன்று விழுந்தது.

அதன் கீழே வெள்ளை நிறத்தில் பெரிய எழுத்துகள். அரபு.

எனக்கு அரபு வாசிக்கத் தெரியாது. நானாவுக்குத் தெரியும். அவர் வலமிருந்து இடமாக ஒரு முறை வாசித்தார். பிறகு தலையை நிமிர்த்தி மைனஸ் அண்ணையைப் பார்த்தார். மைனஸ் அண்ணை தையல் மெஷினின் மிதிபலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனையோ மைனஸைக் கண்டவர் என்று சந்தி நம்பிய மனிதர், அந்த வெக்கையில் சேட்டுக் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன எழுதிக் கிடக்கு, நானா?" என்றேன் நான்.

நானா இலையை எடுத்து எழுத்துகளின் மேல் நேராக வைத்தார்.

"கனடா எண்டு போட்டிருக்கு, தம்பி."

"கனடா ஏன் அரபிலை?"

"எல்லா நாட்டுச் சனமும் இருக்கிற எடம்தானே?"

மெஷின் ஓடத் தொடங்கியது. இலை இந்தமுறை அசையாதபடி சுற்றிவர இரட்டைத் தையல். வேலை முடிந்து ஜக்கெற்றை மடித்துக் கொடுக்கும்போது, நானா மைனஸ் அண்ணையிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நானும் அங்க கொஞ்சக் காலம் தச்சனான் அண்ணன். உள்ளுக்கு ஐஸ், வெளிய நெருப்பு. என்ன?"

மைனஸ் அண்ணை தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பிவரும் பஸ்ஸில் ஜக்கெற் எங்கள் இருவருடைய மடியிலும் பாதிப் பாதி கிடந்தது. தடித்த கதவு. சுவரில் வளரும் பனி. அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை வெளியே கூப்பிடும் சுப்பவைசர். மீன் மணம். கனடா முழுவதும் என் மண்டைக்குள் ஒவ்வொரு துண்டாக வந்து ஏதோ ஓர் அரபு நாட்டின் குளிர்க் களஞ்சிய அறைக்குள் அடங்கியது. இவ்வளவு படித்தும் இது எனக்கு முன்னமே விளங்காமல் போனதே என்று வெட்கமாக இருந்தது. இணுவில் தாண்டும்போது அவராகவே சொன்னார்.

"கனடாவுக்கெண்டுதான் வெளிக்கிட்டனான், தம்பி. ஏசென்சிக்காரன் இடையிலை இறக்கிப்போட்டுப் போட்டான். இஞ்சை ஊர்ச்சனம் கனடாவுக்கெண்டு மாலைபோட்டு அனுப்பினது. திரும்பி வந்து எந்த வாயாலை மாத்திச் சொல்லுறது?"

"ஓமண்ணை."

"கதவுக்குப் பக்கத்திலை மணிக்கூடு மாதிரி ஒண்டு இருக்கும். ஒரு ஊசி, ரெண்டு வட்டத்திலை எண். அமெரிக்கன் மெஷின். மைனஸ் நாற்பதிலைதான் ரெண்டு வட்டமும் ஒரே எண்ணைக் காட்டும். அதுக்குள்ளை நிண்டனான்." மடியில் கிடந்த ஜக்கெற்றை ஒருமுறை தட்டினார். "கூதல் பொய்யில்லை, தம்பி. ஊர்தான் பொய்."

நெல்மூட்டைக்குப் பின்னாலிருந்து பெட்டி வெளியே வந்தது. தையில் அக்கா போனாள். விமான நிலையத்துக்கு வாடகை வான் புறப்படும்போது, அந்த வெயிலில் அம்மா அவளுக்கு ஜக்கெற்றைப் போட்டே ஏற்றினார். மைனஸ் அண்ணை வாசலில் நின்று, "கழுத்தைப் பூட்டு, பிள்ளை. கூதல் முதல் கழுத்தாலைதான் வரும்" என்றார். அதற்குப் பிறகு அவர் சேட்டுப் பொத்தானைத் திறந்துவிட்டு நின்றதை நான் பார்க்கவில்லை. குளிர்ந்தால் குளிர்கிறது என்று மட்டும் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

ஒரு கிழமை கழித்து அக்கா வீடியோ ஒன்று அனுப்பினாள். நீல ஜக்கெற்றோடு வீட்டு வாசலில் நின்று சுற்றிச் சுற்றி ஆடுகிறாள்; சிவப்பு இலை வந்துவந்து போகிறது. வெள்ளைப் பனி பஞ்சு பஞ்சாக அவள் தலையில் விழுகிறது. அப்பா அதைச் சந்திக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினார். தேத்தண்ணிக் கடையே போனுக்குள் தலையை விட்டது. மைனஸ் அண்ணையும் எட்டிப் பார்த்தார். பனி விழுவதை அவர் அவ்வளவு நேரம் இமைக்காமல் பார்த்தார். அது அவருக்கு முதல் தடவை என்பது அங்கே எனக்கு மட்டும் தெரியும்.

சின்னராசாண்ணைதான் தொடங்கினார். "என்ன மைனஸ் அண்ணை, நீங்கள் சுவரிலை வளரும் எண்டல்லோ சொன்னனியள்? இஞ்சை மேலையிருந்து கொட்டுது!"

கடை சிரித்தது. "கனடாவுக்கு இவர் எந்தப் பக்கத்தாலை போனவர்?" என்று ஒருவர் கேட்க, சிரிப்பு இன்னும் கூடியது. மைனஸ் அண்ணை சைக்கிளை எடுக்கத் திரும்பினார்.

"அது அமெரிக்கப் பனி, சின்னராசாண்ணை" என்றேன் நான். "பரனைற்றுப் பனி மேலையிருந்து விழும். கனடா செல்சியஸ் நாடு. அங்கை சுவரிலைதான் வளரும். நாங்கள் கம்பஸிலை படிச்சனாங்கள்."

சிரிப்பு நின்றது. பெரியவர்கள் சிலர் மெதுவாகத் தலையாட்டினார்கள். அப்பா பெருமையோடு சுற்றிலும் பார்த்தார். அன்றைக்குத்தான் நான் சொன்ன ஒன்றை வேறு யாரிடமும் விசாரிக்காமல் ஊர் ஏற்றுக்கொண்டது.

நான் இப்போது நுவரெலியாவில் படிப்பிக்கிறேன். விடியற்காலையில் பாகை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். என் பற்களும் நன்றாகப் பயிற்சி எடுக்கின்றன. அப்போதெல்லாம் அந்தப் பின்னேரம்தான் நினைவுக்கு வரும். மைனஸ் அண்ணை என் பக்கம் பார்க்கவில்லை. வாங்குப் பலகையை ஒருமுறை துடைத்து, எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"சின்னராசா, தம்பிக்கு ஒரு தேத்தண்ணி" என்றார். "நூற்றறுபது."

சின்னராசாண்ணை ஆருக்கென்று கேட்கவில்லை. வந்த தேநீர் ஆறியிருந்தது. நூற்றறுபதுதான், சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குடித்தேன்.